கல்லிடைக்குறிச்சியில் நினைவு தப்பிய பெட்டி

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள், ஆபீஸில் இருப்பவர்கள், மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "அல்வா வாங்கி வர மறந்துவிடாதே!"

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதை நமக்கெல்லாம் தெரியும். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோனவள் கதையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் புண்ணியவதி நான்தான்!

நான் கொண்டுபோனது தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு பச்சைப் பட்டை. மடிக்கணினிக்குள்ளே வைக்கும் நினைவகம். 'ரேம்' என்று பிள்ளைகள் சொல்வார்களே, அது. அதுவும் புதிதன்று. வேறு யாருடைய கணினியிலோ சில வருஷம் உழைத்துவிட்டு, சென்னையில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தது. பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெருமையோடு பர்ஸில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

யாருக்காக? கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அக்காவுக்காக. பெரியம்மா மகள், எனக்குப் பதினைந்து வயது மூத்தவள். அத்தான் பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்று வாழ்நாள் முழுவதும் ஆற்றோடு அலைந்தவர். கையில் எப்போதும் ஒரு காமிரா. வெள்ளம் வந்தாலும் படம் எடுப்பார். வெள்ளம் வடிந்தாலும் படம் எடுப்பார். 2024-ம் வருஷம் அவர் காலமாகிவிட்டார். படங்கள் எல்லாம் அவருடைய பழைய மடிக்கணினியில்தான் இருந்தன. அந்தக் கணினியோ, பொத்தானை அழுத்திவிட்டு உலை வைத்தால் சோறு பொங்கிய பிறகுதான் கண் விழிக்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, இதுக்கு ஏதாவது பண்ணேன்" என்று அக்கா டெலிபோனில் சொன்னாள். நினைவகத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு என்ன பாடு படுத்தும் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

பச்சைக் கம்பளத்தின் நடுவே

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, தென்காசி போகிற ரெயிலில் மாறி உட்கார்ந்தேன். தை மாதம். சேரன்மகாதேவி தாண்டியதும் இருபுறமும் பிசான நெல் பச்சைப் பசேலென்று நின்றது. மேற்கே பொதிகை மலை நீலமாகக் கூடவே வந்தது. காருகுறிச்சி ஸ்டேஷன் வந்தபோது, நாகஸ்வரம் அருணாசலம் பிறந்த ஊர் இதுவல்லவா என்று எட்டிப் பார்த்தேன். பிறகு வீரவநல்லூர். அப்புறம் கல்லிடைக்குறிச்சி.

இந்தத் தாமிரபரணிக்கு ஒரு விசேஷம் உண்டு. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கிற நதி அது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்வதற்குள் அது ஓடுகிற தூரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்! கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று மட்டும் 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை.

அக்கா வீட்டுப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருவது கன்னடியன் கால்வாய். யாரோ ஒரு கன்னட தேசத்துப் பிரம்மசாரி, ஒரு பசு நடந்துபோன வழியைப் பார்த்து இந்தக் கால்வாயை வெட்டினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். பசு நடந்த இடம் கால்வாய். பசு படுத்த இடம் குளம். கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கும் அந்த வாய்க்காலில்தான் நெல் விளைகிறது.

இரவு பத்து மணிக்கு

சாப்பாடு ஆயிற்று. அப்பளம் பொரித்த வாணலியை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நான் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன். கணினியைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் பழைய பட்டை, மற்றொன்று காலி. காலி இடத்தில் நான் கொண்டுபோனதைச் செருகினேன். சமர்த்தாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஆனால் திரை மட்டும் அமாவாசை இருட்டாக இருந்தது. 'பீப்... பீப்...' என்று ஒரு முனகல்.

எனக்கு வியர்த்துவிட்டது. புதுப் பட்டையைக் கழற்றிப் பழையதை மட்டும் வைத்தேன். திரை எழவில்லை. பழையதை இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு மாற்றினேன். அப்போதும் எழவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகி, இரவு பன்னிரண்டு மணிக்கு எது பழையது, எது புதியது என்பதே எனக்குக் குழம்பிப் போயிற்று.

அக்கா ஊஞ்சலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "அவ்வொ எடுத்த படம் எல்லாம் போயிட்டாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"போகாது அக்கா" என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. "அல்வா கொடுத்துவிட்டானே!" என்று அந்தச் சென்னைக் கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே படுத்தேன். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா உங்க அத்தான் ஆளைப் பிடிச்சு ஏச மாட்டாவ. தலைமதகிலிருந்து மடை மடையாப் பாத்துட்டு வருவாவ. ஏதாவது ஒரு இடத்துல அடைச்சிருக்கும். நீ ராத்திரி எல்லாத்தையும் ஒண்ணாக் கலைச்சுப் போட்டுட்டே."

எவ்வளவு சரியான வார்த்தை! அதைக் கேட்டபோது எனக்கு வெட்கந்தான் வந்தது.

ஜங்ஷனில் ஒரு சின்னக் கடை

கணினியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நானும் அக்காவும் பஸ்ஸில் புறப்பட்டோம். பஸ் ஊர் ஊராக நின்றது. பத்தமடையில் ஒரு பெரியவர் கோரைப் பாய்ச் சுருளோடு ஏறினார். பட்டுப்போல் வழவழவென்று மடிகிற பத்தமடைப் பாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு சமயமாக இருந்தால் ஒன்று விலை பேசியிருப்பேன். அன்றைக்கு மனம் பையிலேயே இருந்தது.

பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ஜங்ஷனுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கே இருக்கிறது சுலோசன முதலியார் பாலம். ஒரு காலத்தில் இந்த இடத்தில் படகுத் துறைதான். வெள்ளக் காலத்தில் ஜனங்கள் பட்ட அவஸ்தையைக் கண்டு, சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் இது. 1843-ல் திறந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை கொட்டி, ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்ததே, அப்போது அத்தான் இந்தப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்தாராம். அக்கா ஜன்னல் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜங்ஷனில், ஒரு சந்தில், விசாரித்து விசாரித்து ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தகப்பனார் ரேடியோ ரிப்பேர் செய்தவராம். சுவரில் இன்னும் ஒரு பழைய வால்வு ரேடியோ மாட்டியிருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன செய்யுது பொட்டி?"

நான் சொன்னேன். அவர் கணினியைத் திறக்கவே இல்லை. பொத்தானை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'பீப்... பீப்...'

"நெல்லையப்பர் கோயில்ல இசைத்தூண் பாத்திருக்கியளா? ஒரே கல்லுல கொத்துக் கொத்தாச் செதுக்கியிருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் குடுக்கும். இதுவும் அப்படித்தான் பாத்துக்கிடுங்க. படம் காட்ட முடியாதப்போ, சத்தம் போட்டுச் சொல்லுது. கம்பெனிக்குக் கம்பெனி சத்தக் கணக்கு மாறும். இந்தப் பொட்டிக்கு இந்தச் சத்தம் வந்தா, 'நினைவகம் என் கண்ணுல படலை'ன்னு அர்த்தம். உயிர் இருக்கு. பயப்படாதீய."

அக்கா முதல் முறையாக வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, உள்ள இருக்க படம்?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருப்பார்கள் போலும். நிதானமாகப் பதில் சொன்னார்.

"உங்க வீட்டு அடுப்படி மேடை இருக்குல்லாம்மா? சமைக்கும்போது காய், பருப்பு, புளித் தண்ணி எல்லாத்தையும் அதுல எடுத்து வைப்பிய. வேலை முடிஞ்சதும் துடைச்சுருவிய. ராத்திரி மேடையில ஒண்ணும் இருக்காது. ரேம்ங்கிறது அந்த மேடை. கரண்டு போனா அதுல உள்ளது எல்லாம் போயிரும். நாளைக்கு வேணுங்கிற ஊறுகாய்ப் பரணி எங்க இருக்கும்? அலமாரில. அதுதான் ஹார்டு டிஸ்க். படம் எல்லாம் அங்கதான் இருக்கு. மேடை உடைஞ்சா அலமாரி ஊறுகாய் கெட்டுப்போகுமா?"

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். நேயர்களே, 'மெமரி' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்து நாம் எப்படிக் குழம்பிப் போகிறோம் பாருங்கள்! மேடை பெரிதாக இருந்தால் பத்துச் சாமான்களைப் பரப்பி வைத்துச் சீக்கிரமாகச் சமைக்கலாம். சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்கு நடக்க வேண்டும். அக்காவின் கணினி மெதுவாக இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

மடை மடையாக

பிறகு அவர் செய்ததை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருநாள் உபயோகப்படும்.

முதலில் மின்சார இணைப்பைப் பிடுங்கினார். பாட்டரியையும் கழற்றினார். அதற்குப் பிறகும் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்காகவாம். அடுத்தபடி ஓர் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டார். சிந்தெடிக் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தால் சில சமயம் விரலில் சுருக்கென்று ஒரு பொறி தட்டுமே, அந்த நிலை மின்சாரம் நமக்குச் சுருக்கோடு போய்விடும்; நினைவகப் பட்டையின் உயிருக்கே அது ஆபத்து. நான் நைலான் சேலையோடுதான் முந்தின இரவு அத்தனை வைத்தியமும் செய்திருக்கிறேன்!

இரண்டு பட்டைகளையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்தில் வரிசையாகப் பொன் நிறப் பற்கள். தாமிரத்தின்மேல் தங்க முலாம் பூசியது. முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, அப்பளம் பொரிச்சியளா?" என்றார்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்த கையில் எண்ணெய் இருந்திருக்கிறது.

ஒரு புது அழிரப்பரை எடுத்து, பற்களின் மேல் இலேசாகத் தேய்த்து, துகளை உலர்ந்த தூரிகையால் தட்டினார். "வாயால ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும்" என்றார். பிறகு பழைய பட்டையை மட்டும் எடுத்து, சாய்வாக உள்ளே செலுத்தி, கீழே படுக்க வைத்து அழுத்தினார். 'டிக், டிக்' என்று இரண்டு பக்கத்துக் கொக்கியும் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் வைத்தபோது அந்தச் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பொத்தானை அழுத்தினார். ஒரு விநாடி. இரண்டு விநாடி. திரையில் வெளிச்சம் வந்தது!

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை; என் கண்ணையே நான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஆக, வீட்டுக்காரர் சுகம். இனி விருந்தாளியைப் பாப்போம்" என்றார் அண்ணாச்சி. நான் கொண்டுவந்த பட்டையைச் சுத்தம் செய்து, தனியே ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தார். 'பீப்' என்றது. மற்ற இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் 'பீப்'.

"பாத்தீங்களா? கடைக்காரர் எனக்கு அல்வாதான் கொடுத்திருக்கிறார்!" என்று நான் பொங்கினேன்.

ஓர் எழுத்து செய்த வேலை

அண்ணாச்சி பதில் சொல்லாமல் இரண்டு பட்டைகளையும் என் முன்னே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "படிச்ச பிள்ளைதானே? ரெண்டு சீட்டையும் படிங்க."

படித்தேன். பழைய பட்டையின் சீட்டில் 'பி.சி.3எல்' என்று இருந்தது. நான் வாங்கியதில் 'பி.சி.3' என்று இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றுதான். ஓர் 'எல்' மட்டும் இல்லை.

அந்த ஓர் எழுத்துக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா? டி.டி.ஆர்.3 என்ற ஜாதி நினைவகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு 1.5 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். 'எல்' போட்டது 1.35 வோல்ட்டிலேயே வேலை செய்யும். 2013-க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகள் பாட்டரிச் செலவைக் குறைப்பதற்காக 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கின்றன. பருப்பு வேக வேண்டிய அடுப்பில் பால் காய்ச்சுகிற தீயை வைத்தால் பருப்பு வேகுமா? என் பட்டையின் கதியும் அதுதான்.

மற்ற ஜாதிகளில் இந்த ஏமாற்றத்துக்கு இடமே இல்லை. மடிக்கணினிக்கான டி.டி.ஆர்.2 பட்டையில் 200 பற்கள்; டி.டி.ஆர்.3-ல் 204, டி.டி.ஆர்.4-ல் 260. நடுவே இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். மாற்றிச் செருகப் பார்த்தால் உள்ளேயே போகாது. ஆனால் 'எல்' உள்ளதற்கும் இல்லாததற்கும் பற்களும் ஒன்று, வெட்டும் ஒன்று. அதனால்தான் அது சமர்த்தாக உட்கார்ந்துகொண்டு என்னை ஏமாற்றியது.

"பட்டை நல்ல பட்டைதாம்மா" என்று அண்ணாச்சி அதை இன்னொரு பழைய கணினியில் வைத்துக் காட்டினார். உடனே திரை எழுந்தது. "வித்தவர் மேல குத்தமில்ல. என்ன பொட்டிக்குன்னு அவர் கேக்கலை, நீங்களும் சொல்லலை."

நிஜந்தான். கடைக்குப் போகும்போது பழைய பட்டையின் சீட்டைப் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கதையே நடந்திராது. அந்தச் சென்னைக் கடைக்காரரை இரவு முழுவதும் திட்டிய திட்டுக்களை எல்லாம் அங்கேயே, அப்போதே, மனத்துக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி என் பட்டையை எடுத்துக்கொண்டு, 'எல்' போட்ட ஒன்றைக் கொடுத்தார். அதுவும் பழையதுதான். "பழசு வாங்குறது தப்பில்ல. சோதிக்காம வாங்குறதுதான் தப்பு" என்றார். சில பட்டைகள் கணினியை எழுப்பிவிடுமாம். ஒரு மணி நேரம் கழித்துத் திடீரென்று நீலத் திரை காட்டிப் படுத்துவிடுமாம். அதனால் நினைவகத்தைச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓடவிட்டு, "ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். போய் சாமி கும்பிட்டு வாங்க" என்று எங்களை அனுப்பினார்.

தாமிர சபையில்

ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி டவுனுக்குப் போனோம். நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் தரிசித்தோம். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. இசைத்தூண்களுக்கு முன்னால் அக்கா வெகுநேரம் நின்றாள். நீங்கள் போனால் தயவுசெய்து கையில் அகப்பட்டதைக் கொண்டு அந்தத் தூண்களைத் தட்டாதீர்கள். பல நூற்றாண்டாக ஒலிக்கிற கல்லுக்கும் ஒரு பொறுமை உண்டு.

"மடை மடையாத்தான் பாத்தாரு, இல்லியாட்டி?" என்றாள் அக்கா.

"ஆமாம், அக்கா. அத்தான் மாதிரியே."

கடைக்குத் திரும்பியபோது சோதனை முடிந்திருந்தது. பிழை ஒன்றும் இல்லை. கணினி உலை வைப்பதற்குள் மட்டுமல்ல, அரிசி களைவதற்குள்ளேயே எழுந்துவிட்டது. அக்கா தயங்கித் தயங்கி ஒரு படத்தைத் திறந்தாள். கரை புரண்ட செந்நீர். அடுத்த படம் தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தது. யாரிடமோ காமிராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். முழங்கால்வரை சேறு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மதகின்மேல் கையை வைத்து, அத்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

கடையில் யாரும் பேசவில்லை. அண்ணாச்சிதான் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுக்கு வேற நகல் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப முதல்ல அதைச் செய்வோம். மேடை போனா வேற மேடை போட்டுக்கிடலாம். அலமாரி போனா என் கையில ஒண்ணுமில்ல, பாத்துக்கிடுங்க."

எல்லாப் படங்களையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தார். ஒன்று அக்காவின் பீரோவில் இருக்கிறது. இன்னொன்று சென்னையில் என்னிடம். நேயர்களே, நான் சொல்வதை வேறு எதில் மறந்தாலும் இதில் மறக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கல்யாணப் படம், குழந்தையின் முதல் நடை, போனவர்களின் முகம் எல்லாம் ஒரே ஒரு பெட்டிக்குள் இருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதல் வேலையாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூடியைத் திறக்கும் வீரப் பிரதாபமெல்லாம் அதற்கப்புறம்.

கூலியாக அண்ணாச்சி கேட்டது மிகவும் சொற்பம். கொடுத்துவிட்டுச் சந்தைத் தாண்டுவதற்குள் அக்கா நின்றாள்.

"ஏட்டி, உன் ஆபீஸ்காரங்களுக்கு அல்வா வாங்கணும்னியே?"

வாங்கினேன். இந்தத் தடவை சீட்டில் எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்!